எண்ணெய் காணாத தலை

வாலாஜாபாத்துக்கு அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலோடு இணைந்து நடந்த ஒரு கல்விச்சாலை, அதன் மாணவர் விடுதி, 15 நோயாளிகளுக்கு இடமுள்ள ஆதுலசாலை என்னும் மருத்துவமனை ஆகிய எல்லாவற்றின் செலவுக் கணக்கும் அதில் இருக்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கும் மருந்து காய்ச்சும் பெண்களுக்கும் நாவிதருக்கும் எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. மாணவர்கள் பங்குக்கு வரும்போது படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் என்பவற்றோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து, இத்தனை பிள்ளைகள், இத்தனை சனிக்கிழமைகள், இவ்வளவு எண்ணெய் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வீட்டை விட்டு வந்து படிக்கும் பிள்ளையின் தலை காய்ந்து கிடக்கக் கூடாது என்பது சோற்றைப் போல, பாயைப் போல அடிப்படைத் தேவையாகக் கருதப்பட்டதால்தான் அது கல்லில் ஏறியது.

எண்ணெய் என்ற சொல்லே எள்ளிலிருந்து வந்தது. எள்ளின் நெய், எண்ணெய். பிறகுதான் தேங்காய்க்கும் கடலைக்கும் ஆமணக்குக்கும் அதே பெயர் பரவியது. பெயர் பொதுவாகிவிட்டதால், பழைய எள் நெய்க்குத் தனி அடையாளம் வேண்டி 'நல்ல' என்ற அடைமொழியைச் சேர்த்து நல்லெண்ணெய் என்றார்கள். ஊருக்கு ஊர் இருந்த கல்செக்குகள் சிலவற்றின் விளிம்பில், அவற்றைச் செய்து கொடுத்தவரின் பெயர் எழுத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. குளம் வெட்டிக் கொடுப்பதைப் போல, செக்குப் போட்டுக் கொடுப்பதும் ஊருக்குச் செய்யும் நன்மையாக இருந்தது. வைத்தியனுக்குக் கொடுப்பதை எண்ணெய் ஆட்டும் வாணியனுக்குக் கொடு என்ற பழமொழி, எண்ணெய் நோயைத் தள்ளிவைக்கும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்ததுதான்.

இலக்கியத்தில் இன்னும் நுணுக்கமான காட்சி கிடைக்கிறது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனின் ஊடலைத் தீர்ப்பதற்காக மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். அவள் தலைமுழுகும் நீரில் ஊறியிருப்பவை துவர்ப்புப் பொருள்கள் 10, நறுமணப் பொருள்கள் 5, ஓமாலிகை எனப்படும் மணச்சரக்குகள் 32. மணமூட்டிய எண்ணெய் பூசிய கூந்தலை அந்த நீரில் அலசுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், பகுதி பகுதியாகப் பிரித்துக் கத்தூரிக் குழம்பு பூசுகிறாள். எண்ணெய், அதைப் போக்கத் துவர்நீர், ஈரம் போகப் புகை. மூன்று படி. ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் வீடுகளில் நடந்ததும் இதே மூன்று படிதான். துவர்நீர் இருந்த இடத்தில் சீயக்காய் வந்தது, அகிற்புகை இருந்த இடத்தில் சாம்பிராணி வந்தது. கயிற்றுக் கட்டிலில் பெண்ணைப் படுக்கவைத்து, கூந்தலைப் பின்னால் தொங்கவிட்டு, அடியில் தணல் சட்டியை வைத்து அதன்மேல் கூடையைக் கவிழ்ப்பார்கள். கூடைக்கண் வழியே வரும் புகையில் முடி மெல்ல உலரும்.

அதே காப்பியத்தில் இதற்கு நேர் எதிரான தலையும் இருக்கிறது. கணவன் பிரிந்த பிறகு கண்ணகி கைவிட்ட ஒப்பனைகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறார். காலில் சிலம்பில்லை, கண்ணில் மையில்லை, கரிய கூந்தலுக்கு எண்ணெயில்லை. மாதவியின் நீரில் 47 பொருள்கள் ஊறும்போது கண்ணகியின் தலை காய்ந்து கிடக்கிறது. வறண்ட கூந்தல் இங்கே அழகுக் குறைவு அல்ல, துயரத்தின் அடையாளம்.

காப்பியத்துக்கு வெளியே இது கொடுமையாகவும் மாறியது. கைம்பெண்ணுக்குப் பூவோடு எண்ணெயும் விலக்கப்பட்டது. சில சாதிகளில் தலையையே மழித்தார்கள். வறுமைக்கும் இதே அடையாளம்தான். பரட்டை, செம்பட்டை, சடை பிடித்த தலை என்று தமிழில் காய்ந்த முடிக்கு எத்தனை சொற்கள் உண்டோ, அத்தனையும் மனிதரைக் கீழிறக்கிப் பேசவும் பயன்பட்டன. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ரஜினிகாந்த் நடித்த பாத்திரத்துக்கு 'பரட்டை' என்று பெயர் வைத்ததுமே, அவன் எப்படிப்பட்டவன், ஊர் அவனை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பார்வையாளர் புரிந்துகொண்டார்கள். எண்ணெய் காணாத தலை என்றால் கேட்பாரற்றவன் தலை.

ஏனென்றால் எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் மட்டும் போதாது. அரைநாள் ஓய்வு வேண்டும், விறகு வேண்டும், தேய்த்துவிட இன்னொருவர் கை வேண்டும். ஆணுக்குப் புதன், சனி, பெண்ணுக்குச் செவ்வாய், வெள்ளி என்று வீடுகளில் நாள் வகுத்திருந்தார்கள். ஆத்திசூடியிலும் இந்தச் சனிக்கிழமைக் குளியல் வருகிறது. அங்கே 'சனி' என்ற சொல்லுக்குக் குளிர்ச்சி என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டு. நாள் எதுவானாலும் வேலை ஒன்றுதான். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு அடுப்பில் காட்டுவார்கள். இரண்டு அரிசியைப் போட்டுப் பொரிகிறதா என்று பார்த்து இறக்குவார்கள். கை பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்துத் தட்டி, விரல் நுனியால் வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்ப்பார்கள். அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது, மோரும் பழையதும் கூடாது, மிளகு ரசமும் துவையலும்தான் சாப்பாடு. கூலி வேலைக்குப் போகிறவர்களால் இதையெல்லாம் வாரத்துக்கு இருமுறை கடைப்பிடிக்க முடியுமா? அவர்களுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி என்பதே நடைமுறையாக இருந்தது.

தேய்த்த எண்ணெயைப் போக்குவதற்கு இந்த மண் கண்டுபிடித்த பொருள்களில்தான் மிக அழகான அறிவு இருக்கிறது. சீயக்காய் மலையடிவாரக் காடுகளில் படரும் ஒரு முட்கொடியின் காய். கொங்கு நாட்டில் அரப்பு. அதாவது உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த தூள். உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்தது இந்த மரம்தான். பட்டுத்துணி அலசவும் நகை தேய்க்கவும் பயன்பட்ட பூந்திக்கொட்டையையும் தலைக்குத் தேய்த்தார்கள். மூன்றிலும் பொதுவாக இருப்பது சபோனின் என்ற பொருள். தண்ணீரில் கரைத்தால் இலேசாக நுரைக்கும், எண்ணெயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் முழுவதையும் இழுக்காது. கொஞ்சம் எண்ணெய் முடியிலேயே தங்கிவிடும். அந்த மிச்சம்தான் கூந்தலின் பளபளப்பு.

வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். சீயக்காயோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காயவைத்த எலுமிச்சைத் தோல். மொட்டைமாடியில் பாய் விரித்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தூக்குவாளியில் போட்டு மில்லுக்குக் கொண்டுபோவார்கள். மாவு அரைக்கும் இயந்திரத்தில் சீயக்காய் அரைக்க மாட்டார்கள். அதற்கென்று தனி இயந்திரம் இருக்கும். அது ஓடத் தொடங்கியதும் தெருவே தும்மும். அரைத்துவந்த தூளைக் குளிக்கும்போது வெறும் தண்ணீரில் கரைக்காமல் வடித்த கஞ்சியில் கரைத்தார்கள் விவரமறிந்த பாட்டிகள். கஞ்சியின் மாவுச்சத்து முடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும், சிக்கு விழாது. முடி ரொம்பவும் காய்ந்திருந்தால் செம்பருத்தி இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கி, வழவழவென்று வரும் சாற்றைத் தேய்த்தார்கள். இன்று கண்டிஷனர் செய்கிற வேலையின் ஒரு பகுதியை அந்தக் கஞ்சியும் இலைச்சாறும் செய்துகொண்டிருந்தன. இலங்கைத் தமிழர் வீடுகளில் சித்திரைப் புத்தாண்டன்று கோயிலில் வாங்கிவரும், மூலிகைகள் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடும் வழக்கமும் இந்த மரபின் ஒரு கிளைதான்.

முடியின் அமைப்பைப் பார்த்தால் இவை ஏன் பலித்தன என்பது தெரியும். தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்ற புரதம். தனக்கு ஏற்பட்ட சேதத்தை அதனால் தானே ஆற்றிக்கொள்ள முடியாது. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியானால் இடுப்பைத் தொடும் பின்னலின் நுனி, அந்தப் பெண்ணின் தலையில் முளைத்து 5, 6 வருடங்கள் ஆகியிருக்கும். அத்தனை வருட வெயில், சீப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்த நுனி அது. முதலில் வெடிப்பதும் அதனால்தான். முடியின் மேற்பரப்பு நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, செதில்மேல் செதிலாக அடுக்கியிருக்கும். செதில்கள் படிந்திருந்தால் மினுமினுக்கும். தூக்கிக்கொண்டால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும், உள்ளிருக்கும் புரதம் கரைந்துபோகும். காரத்தன்மை செதில்களைத் தூக்கும், இலேசான புளிப்பு அவற்றைப் படியவைக்கும். சீயக்காய் கரைத்த நீர் இலேசான புளிப்பு. சோப்பு காரம்.

அந்தச் சோப்பு இங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய காலமும் தெரியும். 1888இல் லீவர் பிரதர்ஸின் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் உள்நாட்டு ஆலைகளும் கிளம்பின. துணிக்கு வந்த சவுக்காரம் உடம்புக்கு வந்தது, உடம்பிலிருந்து தலைக்கு ஏறியது. கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் விளைவு உடனே தெரிந்தது. அந்த நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்து திரிதிரியாகப் படியும். வாளி விளிம்பில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதேதான் முடியிலும் ஒட்டியது. சீயக்காய்க்கு இந்தக் குறை கிடையாது. எண்ணெய் தேய்க்காமல் சோப்பு மட்டும் போட்ட தலைமுறையில்தான் பட்டணத்துப் பிள்ளைகளின் தலையும் பரட்டையானது.

ஷாம்பு என்ற சொல்லின் பயணம் இதைவிட விசித்திரமானது. இந்தியில் 'சாம்போ' என்றால் பிடித்துவிடு, அழுத்திவிடு என்று பொருள். 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சுற்றி, அயர்லாந்து சென்று, 1794இல் தன் பயண அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர். 1810இல் லண்டனில் இந்திய உணவு விடுதி ஒன்றை நடத்தினார், நொடித்துப்போனார். 1814இல் பிரைட்டன் கடற்கரை ஊருக்குப் போய் மூலிகை ஆவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் தொடங்கினார். நோயாளி கம்பளித் துணிக் கூடாரத்துக்குள் ஆவியில் வேர்த்துக்கொண்டிருப்பார்; கூடாரத்தில் தைத்திருக்கும், சட்டைக் கை போன்ற துணிக் குழாய்கள் வழியே வெளியிலிருந்தபடி உடம்பைப் பிடித்துவிடுவார்கள். இதற்குப் பெயர்தான் ஷாம்பூயிங். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கும் அவர் 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். அவர் 1851இல் இறந்தபோதும் அந்தச் சொல்லுக்கு உடம்பு பிடிப்பது என்றே பொருள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது தலையைத் தேய்த்துக் கழுவுவதைக் குறித்தது, பிறகு கழுவும் பொருளைக் குறித்தது. இந்தியக் கையின் அழுத்தத்தைக் குறித்த சொல், கையின் நினைவே இல்லாத ஒரு திரவமாக இந்தியாவுக்குத் திரும்பிவந்தது.

திரும்பி வந்தபோது புட்டியில் இருந்தது, விலை அதிகம். அதைச் சிறு பாக்கெட்டாக்கியது கடலூர். சின்னிகிருஷ்ணன் என்ற சிறுதொழில் செய்பவர், பணக்காரர் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் முகப்பவுடர் முதலியவற்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றுப் பார்த்தார். 1970களில் ஷாம்புவையும் அப்படியே அடைத்தார். அவர் பிள்ளைகள் காலத்தில் 'வெல்வெட்' ஷாம்பு பெயர் பெற்றது. குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்துவந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலில் கடலூரிலேயே தனியாகத் தொடங்கியதுதான் 'சிக்' ஷாம்பு. தந்தையின் பெயரெழுத்துகளை ஒட்டி வைத்த பெயர். இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் அது.

ஷாம்பு போட்டால் முடி கொட்டும் என்று பயந்த கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பினார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு பையனின் தலையைக் கழுவி, துடைத்து, மற்றவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்றார்கள். மல்லிகை, ரோஜா வாசத்தில் கொண்டுவந்தார்கள். விலையை 50 காசு வரைக்கும் இறக்கினார்கள். எண்ணெய்க் குளியலுக்கு நேரமும் காசும் இல்லாமலிருந்த வீடுகளில், வேலைக்குப் போகும் பெண் விடியற்காலையில் ஐந்து நிமிடத்தில் தலை கழுவி, வாசமான கூந்தலோடு பேருந்து ஏறினாள். இதைச் சின்ன மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. பரட்டை என்று ஒருவரைப் பழிக்க ஊருக்கிருந்த காரணங்களில் ஒன்றை அந்த 50 காசுப் பாக்கெட் அகற்றியது.

நட்டம் வேறிடத்தில் நேர்ந்தது. பழைய முறையில் எண்ணெயும் சீயக்காயும் சோடி. ஒன்று கொடுக்கும், ஒன்று அளவோடு எடுக்கும். அந்தச் சோடி பிரிந்து, எடுக்கும் வேலை மட்டும் நடந்ததால் முடி வறண்டது. வறட்சியை மறைக்கக் கண்டிஷனர், பிறகு சீரம், பிறகு சூட்டுக் கருவியால் நீவி நேராக்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003இல் மும்பை ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் சோதித்து வெளியிட்ட கட்டுரை இங்கே நினைக்கத்தக்கது. மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. கழுவுவதற்கு முன் தேய்த்தாலும் பலன் தெரிந்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைகிறது என்று விளக்கினார்கள். ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் கூடத்தில் நடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும், எண்ணெய் தேய்த்துவிட்டு அப்புறம் குளி என்று வீட்டில் சொன்ன வரிசைக்கு அதில் ஒரு காரணம் கிடைக்கிறது. பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவைப்பது வேறு கதை. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி.

எண்ணெயால் தீராத வறட்சியும் உண்டு. குன்னூரில் இருந்து பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், சேலத்தில் பிறந்த சி. கோபாலன் முதலிய மருத்துவர்கள் 1950களில் புரதம் போதாத குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அந்தக் குழந்தைகளின் முடி மெலிந்து, பளபளப்பிழந்து, செம்பட்டையாகி, இலேசாக இழுத்தாலே கையோடு வந்தது. நல்ல சாப்பாடு கிடைத்தபின் வளர்ந்த முடி கறுப்பாக வந்தது. பட்டினிக் காலம் வெளுத்த பட்டையாக, சோறு கண்ட காலம் கறுத்த பட்டையாக ஒரே முடியில் மாறிமாறித் தெரிவதையும் மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. வெயிலில் விளையாடுகிறான், தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை என்று ஊர் திட்டிய செம்பட்டைத் தலைகளில் எத்தனை தலைகள் உண்மையில் பசித்த வயிற்றின் அறிகுறியாக இருந்தனவோ!

இப்போது தீபாவளிக்கு முந்தின நாள் மாலையில் ஏதாவது ஒரு மளிகைக்கடை முன் நின்றால் போதும். வாசலில் ஷாம்புப் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். அதன் பக்கத்திலேயே சீயக்காய்த்தூள் பாக்கெட்டும் அதே சர வடிவில் தொங்கும். ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்த அதே கடலூர்க்காரர்களின் நிறுவனம்தான் 'மீரா' என்ற பெயரில் சீயக்காயையும் பாக்கெட்டில் அடைத்தது. வேலை முடிந்து நேராக வந்தவர், கையில் பிள்ளையின் புதுத்துணிப் பையோடு நின்று, 50 மில்லி நல்லெண்ணெய்ப் பாக்கெட் ஒன்றும் சீயக்காய் இரண்டும் கேட்பார். கடைக்காரர் சரத்திலிருந்து இரண்டைக் கிழித்துக் கொடுப்பார். மறுநாள் விடியுமுன் அந்த வீட்டில் கரண்டியில் எண்ணெய் காயும். தூக்கம் கலையாத பிள்ளையை மணையில் உட்காரவைத்து, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் கை உச்சந்தலையில் முதல் எண்ணெயை வைக்கும்.